கதவைச் சாத்து

வீடு வாங்கிய ஒன்பதாம் நாள்
வைஃபை போடுகிறவன் வந்து போனான்.
டிவி ஒத்துக்கொண்டது, போன் ஒத்துக்கொண்டது,
கோராவின் தையல் மெஷின்கூட ஒத்துக்கொண்டது.
வாசல் மணி மட்டும்
முடியாது என்றது.

டுலூத்தில் நவம்பர்.
ஏரிக் காற்றுக்கு இந்த ஊர்ச்சரிவு முழுக்கப் படிக்கட்டு,
ஏறி வந்து என் காதில் உட்கார்ந்துகொண்டது.
கையுறையைக் கழற்றினால் விரல் போகும்,
கழற்றாவிட்டால் திருகு வராது.
நட்சத்திரத் தலை, கடுகளவு.
கண்டுபிடித்தவன் வீட்டில் கதவே இல்லை போலும்.

பொத்தானை இருபது வினாடி அழுத்தச் சொன்னது போன்.
அழுத்தினேன். நீல வெளிச்சம் வட்டமிட்டது,
படுக்கும்முன் நாய் சுற்றுமே, அப்படி.
படுக்கவில்லை.
ஐந்து என்ற அலைவரிசை இதன் காதில் விழாதாம்,
இரண்டு புள்ளி நான்கு மட்டும்தானாம்.
உள்ளே ஓடி இரண்டையும் பிரித்துவிட்டு
வெளியே ஓடி வந்தால்
போன் இப்போது வேறொன்று சொன்னது, மரியாதையாக:
இந்தக் கருவி இன்னொருவருடையது.

பத்திரம் என் பெயரில். ஒழுகும் கூரை என் பெயரில்.
முப்பது வருஷக் கடன் என் பெயரில்.
வாசலில் நிற்பது யார் என்பது மட்டும்
வென்டல் ஹாகாலா பெயரில்.
அவர் டூசானில்,
அரைக்கால் சட்டையோடு.

கூப்பிட்டேன்.
"மறந்தே போச்சு. ஒரு பொத்தான்தானே, விடுவித்துவிடுகிறேன்."
பிறகு பேச்சில்லை.
கண்ணாடி டம்ளரில் ஐஸ் கட்டி இடம் மாறும் சத்தம்.
"அதற்கு முன்னால்
ஒரு தடவை அதை எழுப்ப முடியுமா?
ஒன்று பார்க்கணும்."

வழியும் அவரே சொன்னார்.
புது வைஃபைக்குப் பழைய பெயர் வை,
பழைய கடவுச்சொல் வை,
அதற்கென்ன தெரியும்,
ஆள் மாறவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.
"பெயர்?"
"ஹாகாலா."
"கடவுச்சொல்?"
இருமினார்.
"கதவைச்சாத்து. ஒரே சொல். நடுவில் இடம் விடாதே.
கடைசியில் ஆச்சரியக்குறி."
முப்பத்தாறு குளிர்காலம்
மூன்று பிள்ளைகளிடம் கத்தியதாம்.

தட்டினேன். வட்டம் நின்றது.
வெள்ளையாய் ஒரு பொட்டு.
ஆயிரம் மைல் தாண்டி ஒரு திரையில்
என் மூக்கு மட்டும் விடிந்திருக்க வேண்டும்.
"கொஞ்சம் தள்ளிக்கோ" என்றார்.

தெருவிளக்கு. பனி, குறுக்காக.
கீழே ஏரி இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.
ஏதோ சொல்லப்போகிறார் என்று
போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.
"பாரு! அந்த ஸ்வான்டே
குப்பைத்தொட்டியை இன்னும் என் பக்கமே வைத்திருக்கிறான்!"

நானும் நாலு நாளாய்
அதைப் பார்த்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
"ஓரடி இருக்கும்" என்றேன்.
"ஒன்றரை. நம் பக்கம் ஒன்றரை அடி. விடாதே."

அப்போது ஒரு கார் மேடேறத் திணறியது.
வழுக்கியது, நின்றது, பின்னால் வந்தது, மறுபடி.
இருவரும் பேசாமல் பார்த்தோம்,
நான் கண்ணால்,
அவர் மணியால்.
மூன்றாம் தடவையில் ஏறிவிட்டது.
"அப்பாடா" என்றது யார் என்று
இப்போது நினைவில்லை.

"சரி" என்றார் வென்டல்.
"இனி அது உங்கள் பக்கம். பார்த்துக்கொள்ளுங்கள்."
வெள்ளைப் பொட்டு அணைந்தது.

மறுபடி பொத்தான், மறுபடி இருபது வினாடி.
இந்த முறை என் பெயரைக் கேட்டுக்கொண்டது.
வைஃபையின் பெயரை மாற்றவில்லை.
சோம்பல் என்று கோராவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோராவின் தங்கை வந்தாள்.
மணி அடித்தது, உள்ளேயும் அடித்தது,
பனியை உதறிக்கொண்டு உட்கார்ந்தவள்
முதலில் கேட்டது கடவுச்சொல்.
சொன்னேன், ஆச்சரியக்குறியோடு.
அவள் முகம் சுருங்க எழுந்துபோய்க்
கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.